மச்சமும் மச்சமும்

நலம் அறிவோம்

சனிக்கிழமை காலைகளில் எமது தமிழ்ப் பாடசாலையின் பின்மண்டபத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் பேசாத விடயம் இல்லை. ஹோம் ஒபிசிலிருந்து இன்னும் வராத கடிதம், ஏறிக்கொண்டே போகும் வீட்டு வாடகை, எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்பது வரை எல்லாம் அங்கே அலசப்படும். அண்மையில் ஒருநாள் அந்தப் பேச்சு ஒரு கோழி முட்டையில் வந்து நின்றது.

பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுக்கும் யுவதி ஒருவர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறார். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுகூடத்தில் சில கிழமைகள் பயிற்சிக்குப் போய் வந்தார். அங்கே கண்டதை வீட்டில் சொல்லப்போக, அவருடைய அம்மம்மாவுக்கு அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. அம்மம்மா மச்சம் தொடாதவர். தேநீர் வேளையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை, முட்டைக்குள்ளை கிடக்கிற உயிரிலை புற்றுநோயைக் கொண்டுபோய் வைக்கினமாமே? உந்தப் பாவத்தைப் படிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"முட்டையிலை மட்டும் இல்லை அம்மம்மா, மீனிலையும் பாக்கினம். மச்சம் ஏன் புற்றுநோயா மாறி உடம்பெல்லாம் பரவுது எண்டு, மச்சத்தை வைச்சுத்தான் படிக்கினம்."

எல்லோரும் சிரித்தோம். எமது யாழ்ப்பாணத்துப் பேச்சில் தோலில் இருக்கும் கறுப்புப் புள்ளியும் மச்சம், சட்டியில் வேகும் மீனும் மச்சம் அல்லவா? ஆனால் கதிரையில் சாய்ந்திருந்த ஒரு நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. தன் வலது காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய கதையைப் பின்னர் சொல்கிறோம். அவர் கேட்டுக்கொண்டதற்காகவே இந்த இதழில் இந்த விடயத்தை எடுத்தோம்.

தோலிலே தொடங்கும் நோய்

தோற் புற்றுநோய்கள் பல வகை. அவற்றுள் மெலனோமா எனப்படுவது மற்றவற்றைவிட ஆபத்தானது. தோலுக்கு நிறத்தைக் கொடுக்கும் நிறக்கலங்களில் இது உண்டாகின்றது. பிரித்தானியாவில் ஆண்டொன்றுக்கு 17,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகின்றது. சிலருக்குப் பழைய மச்சம் ஒன்றே மாறும். பெரும்பாலானோருக்குப் புதிதாகத் தோன்றும்.

தோலின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கும் குறைவாக இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். ஈரல், சுவாசப்பை, மூளை என்று பரவிய பின்னர் கண்டுபிடித்தால், புதிய மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்திலும், ஐந்து வருடம் தாண்டுவோர் பத்தில் மூவர் அளவுதான். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு பென்ஸ் நாணயத்தின் தடிப்பைவிடக் குறைவு. அந்தச் சிறிய ஆழத்துக்குள் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

இந்த நோயின் வரலாறு நாம் வாழும் லண்டனோடு நெருங்கிய தொடர்புடையது. 1787ஆம் ஆண்டில் ஜோன் ஹன்ரர் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், 35 வயதுடைய ஒருவரின் தாடையோரத்தில் இருந்த கட்டியொன்றை அகற்றிப் போத்தலில் இட்டுப் பாதுகாத்தார். அது என்னவென்று அவருக்கே சரியாக விளங்கவில்லை. 1968இல் அதைத் திரும்ப ஆராய்ந்தபோதுதான் மெலனோமா என்பது உறுதியாயிற்று. ஹன்ரர் சேர்த்தவற்றைக் கொண்ட நூதனசாலை ஹொல்போர்ன் நிலையத்துக்கு அருகே, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில், சத்திரசிகிச்சை நிபுணர்களின் அரச கல்லூரியில் இருக்கின்றது. திருத்த வேலைகளுக்காகப் பல வருடங்கள் மூடியிருந்து 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. அனுமதி இலவசம். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

புற்றுநோய் ஏன் பரவுகிறது என்ற கேள்விக்கு முதலில் ஒரு நல்ல விடை சொன்னவரும் லண்டன் வைத்தியர்தான். ஸ்ரீபன் பஜெற் என்பது அவர் பெயர். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1889இல் ஒரு கட்டுரை எழுதினார். நோய் கண்ட இடமெல்லாம் பரவவில்லை, ஈரல் போன்ற சில உறுப்புகளையே அதிகம் நாடுகிறது என்பதை அவர் கவனித்தார். விதை எங்கும் தூவப்படலாம், ஆனால் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. தோட்டம் செய்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. புகையிலைக்கு ஏற்ற நிலத்தில் நெல் விளையாது என்று எமது அப்புமாருக்குத் தெரியும். புற்றுநோயும் அப்படித்தான் என்பது வைத்திய உலகுக்கு அன்று புதிதாக இருந்தது.

நிறக்கலங்கள் வந்த வழி

பஜெற் விதையையும் நிலத்தையும் சொன்னார். ஆனால் அந்த விதை எப்படி நடக்கின்றது? தோலில் சும்மா இருந்த ஒரு கலத்துக்கு மூளை வரை பயணம் செய்யும் வித்தையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? இதற்கு விடை தேடியவர்கள் நோயாளியை விட்டு முட்டைக்குப் போனார்கள்.

கோழி முட்டையை அடைவைத்து இரண்டு நாட்களில் அதற்குள்ளே ஒரு சின்ன முளையம் உருவாகிவிடும். அதன் முதுகுப்புறத்தில், பின்னாளில் முள்ளந்தண்டு நரம்பாக வரப்போகும் குழாயின் உச்சியில், ஒரு வகைக் கலங்கள் தோன்றும். 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிற்சர்லாந்து விஞ்ஞானி கோழி முளையத்தில் இவற்றை முதன்முதலாகக் கண்டார். நரம்பு முகட்டுக் கலங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இவை பிறந்த இடத்தில் நிற்பதில்லை. கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு உடல் முழுவதும் செல்லும். சில முக எலும்பாகும், சில குடலின் நரம்பாகும். ஒரு பகுதி தோலை வந்தடைந்து நிறக்கலமாக மாறும். கோழியில் மட்டுமல்ல, மனிதரிலும் இதே கதைதான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே நிறக்கலங்கள் முதுகிலிருந்து புறப்பட்டு உள்ளங்கால் வரை நடந்து வந்தவை.

இதற்கு எமது வீடுகளிலேயே சாட்சி உண்டு. எம்மவரின் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போது இடுப்பின் கீழே நீலநிறத்தில் ஒரு திட்டு இருக்கும். மேற்தோலுக்கு வந்துசேர வேண்டிய நிறக்கலங்கள் வழியில் ஆழமாகத் தங்கிவிட்டதால் ஏற்படும் நிறம் அது. எந்தத் தீங்கும் இல்லை, வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் இந்த நாட்டில் அதை அடிகாயம் என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. ஆகவே புதிதாக வந்த தாய்மார் அதை ஹெல்த் விசிற்றரிடம் காட்டிக் குழந்தையின் சிவப்புப் புத்தகத்தில் எழுதுவித்துக்கொள்வது நல்லது.

தோலை அடைந்ததும் நிறக்கலங்கள் நடப்பதை நிறுத்தி அடங்கிவிடும். ஆனால் நடந்த பழக்கம் அதன் பரம்பரையலகுகளில் பூட்டிய அறைபோல இருக்கின்றது. மெலனோமா வரும்போது அந்தப் பூட்டு திறக்கின்றது. மற்றைய தோற் புற்றுநோய்களைவிட மெலனோமா வேகமாகப் பரவுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். முளையத்தை வைத்து ஆராய்வது ஏன் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கின்றது. கலம் முதன்முதலாக நடந்த பாதையைப் பார்க்க வேண்டுமானால் முளையத்தில்தான் பார்க்கலாம்.

முட்டையில் ஒரு யன்னல்

கோழி முளையத்தில் புற்றுநோயை வளர்த்துப் பார்ப்பது புதிய முறையல்ல. 1911இலேயே நியூயோர்க்கில் பெய்ற்றன் றௌஸ், ஜேம்ஸ் மேர்பி என்ற இருவர் இதைச் செய்தார்கள். முட்டை ஓட்டில் சிறியதொரு யன்னல் வெட்டி, உள்ளே இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வில் கட்டியின் துணுக்கை வைப்பார்கள். முளையத்துக்கு நோயெதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராத காரணத்தால் அது அந்நியக் கலத்தைத் தள்ளிவிடாது. மனிதரிலிருந்து எடுத்த கலங்களும் அங்கே வளரும், இரத்தக் குழாய்க்குள் புகும், வேறு உறுப்பில் போய்த் தங்கும். மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, சில நாட்களில் எல்லாம் தெரிந்துவிடும்.

2006இல் அமெரிக்காவில் போல் குலேசா, மேரி ஹென்ட்றிக்ஸ் ஆகியோரின் குழுவினர் இதை ஒரு படி மேலே கொண்டு சென்றனர். பரவும் தன்மையுள்ள மனித மெலனோமாக் கலங்களுக்குப் பச்சையாக ஒளிரும் அடையாளம் இட்டு, கோழி முளையத்தில் நரம்பு முகட்டுக் கலங்கள் புறப்படும் அதே இடத்தில் வைத்தார்கள். அந்தக் கலங்கள் கட்டியாக வளரவில்லை. கோழியின் சொந்தக் கலங்கள் செல்லும் பாதையிலேயே தாமும் நடந்தன. சில கலங்கள் பழைய நல்ல குணங்களைக் கூடத் திரும்பக் காட்டத் தொடங்கின. பழைய பாதையை அவை மறக்கவில்லை என்பது ஒன்று. நிலம் நல்லதானால் கெட்ட விதையும் ஓரளவு அடங்கும் என்பது மற்றது. பஜெற் 1889இல் சொன்னதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இயூஸ்ரன் பக்கத்துத் தவளைகள்

கலங்கள் நடப்பதைப் பற்றிய ஆராய்ச்சியில் லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மைக்கல் அபர்குறோம்பி, ஜோன் ஹீஸ்மன் ஆகிய இருவரும் கண்ணாடித் தட்டில் ஊர்ந்து செல்லும் கோழிக் கலங்களை வைத்து ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு கலம் இன்னொன்றில் முட்டினால் உடனே நின்று, வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது. சனநெருக்கமான நிலக்கீழ் ரயில் நிலையத்தில் ஒருவரில் முட்டினால் "சொறி" சொல்லி விலகுகிறோமே, அதுபோல. புற்றுநோய்க் கலங்கள் பலவற்றுக்கு இந்த மரியாதை இல்லை என்பதும் பின்னர் தெரியவந்தது.

உயிருள்ள உடம்பிலும் இப்படித்தான் நடக்கிறதா என்பது நெடுங்காலம் நிரூபிக்கப்படவில்லை. 2008இல் அதே கல்லூரியில் றொபேர்ட்டோ மேயர் என்ற பேராசிரியரின் குழுவினர் தவளை முளையத்திலும் மீன் முளையத்திலும் அதை நேரில் கண்டார்கள். முட்டி விலகும் இந்தப் பழக்கமே நரம்பு முகட்டுக் கலங்களைக் கூட்டமாக ஒரே திசையில் செலுத்துகின்றது என்று காட்டினார்கள். 2013இல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். இந்தக் கலங்கள் பக்கத்துக் கலங்கள் சிலவற்றை மணம் பிடித்தாற்போல் துரத்துகின்றன. துரத்தப்படும் கலங்கள், தொட்டவுடன் விலகி ஓடுகின்றன. ஒன்று துரத்த மற்றது ஓட, இரண்டும் சேர்ந்து முன்னேறுகின்றன. புற்றுநோய்க் கலங்களும் அயலிலுள்ள நல்ல கலங்களோடு இவ்வாறான ஓட்டப் போட்டியில் ஈடுபடக்கூடும், அந்தத் தொடர்பை அறுத்தால் பரவலை நிறுத்தலாம் என்பதே இதிலுள்ள நம்பிக்கை.

எங்கள் பக்கத்து மீன்

இனி அந்த யுவதி சொன்ன மற்ற மச்சத்துக்கு வருவோம். வரிமீன் என்று சொல்லக்கூடிய இந்தச் சிறு மீன், கங்கைச் சமவெளியின் ஆறுகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. நீளம் மூன்று, நான்கு சென்ரிமீற்றர். உடம்பில் நீலக்கோடுகள் ஓடும். வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன்தான். 1822இல் கங்கை மீன்களைப் பற்றி நூலெழுதிய பிரான்சிஸ் ஹமில்ரன் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். அன்று எங்கள் பக்கத்திலிருந்து புறப்பட்ட மீனுக்கு இன்று உலகின் பெரிய ஆய்வுகூடங்களிலெல்லாம் தொட்டி இருக்கின்றது.

இதன் சிறப்பு என்னவென்றால், முட்டை தாயின் உடம்புக்கு வெளியே வளரும், அதுவும் கண்ணாடி போல. ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். மூன்றாம் நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். அதன் உடம்புக்குள் ஒளிரும் புற்றுநோய்க் கலம் ஒன்றை விட்டால், அது எந்த வழியால் போகிறது, எந்த இரத்தக் குழாயில் நுழைகிறது என்பதை எல்லாம் அறுக்காமலே காணலாம். எலியில் இதைப் பார்ப்பது மிகக் கடினம்.

2002இல் கேம்பிறிட்ஜுக்கு அருகேயுள்ள சாங்கர் நிறுவகத்தினரும் லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகத்தினரும் வேறு பலரும் சேர்ந்து, மெலனோமாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிறாஃப் என்ற பரம்பரையலகு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தனர். அந்தப் பழுதை மீனில் ஏற்படுத்தினால் என்ன நடக்கும்? 2005இல் பொஸ்ரனில் எலிசபெத் பற்றன், லெனார்ட் சொன் ஆகியோர் செய்து பார்த்தார்கள். அது மட்டும் இருந்தபோது மீனுக்கு மச்சம்தான் வந்தது. காவற்காரன் போன்ற இன்னொரு பரம்பரையலகும் இல்லாமற் போனபோதே அது புற்றுநோயாயிற்று. ஒரு மச்சம் எல்லாம் புற்றுநோயாவதில்லை, ஏன் என்பதற்கு மீன் தந்த விடை இது.

2016இல் அதே பொஸ்ரன் குழுவினர், நரம்பு முகட்டுக் காலத்தின் குணம் திரும்பும்போது பச்சையாக ஒளிரும்படி மீன்களை உருவாக்கினார்கள். மச்சங்கள் நிறைந்த உடம்பில் ஒரேயொரு கலம் ஒளிரத் தொடங்கும், பின்னர் அந்த இடத்திலேயே கட்டி வளரும். பூட்டிய அறை திறக்கும் கணத்தைக் கண்ணால் கண்டது போன்றது இது.

இவற்றால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், மீனில் கண்டது எல்லாம் மனிதரில் பலிப்பதில்லை. 2011இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள் 2,000 இரசாயனங்களை மீன் முளையத்தில் சோதித்தார்கள். நோர்விச்சில் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்தினர் தவளை முளையத்தைக் கொண்டு அந்த ஆராய்ச்சியில் இணைந்தார்கள். நரம்பு முகட்டுக் கலங்களைத் தடுப்பதில் லெஃப்ளூனமைட் என்ற மருந்து முன்னுக்கு வந்தது. மூட்டுவாதத்துக்கு வைத்தியர்கள் கொடுக்கும் அதே குளிசைதான். எலியிலும் மெலனோமாவின் வளர்ச்சியை அது குறைத்தது. ஆயினும் இன்றுவரை அது மெலனோமாவுக்கு வழமையான மருந்தாக வரவில்லை. ஆகவே பத்திரிகையில் "மீனில் குணமானது" என்று தலைப்பு வந்தால் உடனே நம்பி ஓடவும் வேண்டாம், யாரும் சொல்லிக் குளிசை விழுங்கவும் வேண்டாம். முளையம் வழிகாட்டும் கைகாட்டி மரம். ஊர் போய்ச் சேர இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

அம்மம்மாவின் கேள்வி

இனி அம்மம்மாவின் கேள்விக்கு வருவோம். அதை வயதானவரின் பேச்சு என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. உயிர்க்கொலை கூடாது என்று சொல்லி வளர்த்த சமூகத்துக்கு அந்தக் கேள்வி வந்தே ஆக வேண்டும்.

இந்த நாட்டில் இதற்கு 1986ஆம் ஆண்டின் சட்டம் இருக்கின்றது. உயிருள்ள மிருகத்தில் ஆராய்ச்சி செய்ய, செய்யும் ஆளுக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று மூன்று அனுமதிப் பத்திரங்கள் வேண்டும். அவற்றைக் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? எமக்கு நன்கு அறிமுகமான ஹோம் ஒபிஸ்தான். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். அதன் கடைசி மூன்றிலொரு பங்குக் காலத்துக்குள் வந்துவிட்டால் முளையத்துக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மீன் குஞ்சுக்கு, தானாக இரை தேடி உண்ணத் தொடங்கும் பருவத்திலிருந்து பாதுகாப்பு. வரிமீனுக்கு அது ஐந்தாம் நாள். அதற்கு முந்திய பருவத்தில் துன்பத்தை உணரும் நிலை வரவில்லை என்பதே இந்த எல்லைக்குக் காரணம். எலியில் செய்ய வேண்டிய சோதனைகள் சிலவற்றை இரண்டு நாள் முட்டையில் செய்ய முடிந்தால், வலியை உணரும் உயிர்கள் அந்த அளவுக்குக் காப்பாற்றப்படுகின்றன.

இதை அந்த யுவதி பொறுமையாக அம்மம்மாவுக்கு விளக்கினார். அம்மம்மா முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். "எண்டாலும் உயிர் உயிர்தான்," என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப உந்த உயிரிலை படிச்சதைச் சனத்துக்குச் சொல்லாமல் விட்டால் அதுதான் பெரிய பாவம்," என்றார். எமக்கு இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. ஆகவே சொல்கிறோம்.

எமது தோலும் எமது நண்பரும்

தோற் புற்றுநோய் வெள்ளைக்காரரின் வியாதி என்பது எம்மவரிடையே பரவலான நினைப்பு. அதில் பாதி உண்மை. எமது தோலின் கருமை வெயிலிலிருந்து எமக்கு நல்ல காவல், ஆகவே எமக்கு இந்நோய் வருவது மிகக் குறைவு. ஆனால் நிறக்கலங்களின் தொகை வெள்ளைத் தோலிலும் எமது தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கருமையான தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வரும்போது, அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வருகின்றது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ். வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. நகத்தின் கீழ் வரும் இந்த வகையை 1886இலேயே லண்டன் வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் விபரித்து எழுதியிருக்கிறார். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுதான். உடலெங்கும் பரவி 1981இல், 36ஆவது வயதில் அவர் இறந்தார்.

இந்த வகையைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. இங்கும் மீனே உதவிக்கு வந்தது. 2022இல் நியூயோர்க் மெமோரியல் ஸ்லோன் கெற்றெறிங் நிலையத்தினர், கை கால்களில் வரும் மெலனோமாவில் அதிகமாகக் காணப்படும் கேர்க்கல் என்ற பரம்பரையலகை மீனில் கூட்டிப் பார்த்தார்கள். கட்டிகள் மீனின் உடம்பைவிடச் செட்டையிலேயே அதிகம் வந்தன. மீனின் செட்டைக்கும் எமது கை கால்களுக்கும் பிறப்பில் உறவு உண்டு. உள்ளங்காலில் வரும் நோய் முதுகில் வரும் நோயின் மறு வடிவம் அல்ல, அந்த இடத்துக்கே உரிய காரணங்களைக் கொண்டது என்பதை அது காட்டிற்று. எமது தோலுக்கு ஏற்ற சிகிச்சையும் இவ்வழியால் ஒருநாள் வரலாம்.

இப்போது எமது நண்பரின் கதை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் கடையில் வேலை. வலது உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. சப்பாத்து உரஞ்சியதாக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு சற்றுத் தடித்தது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் பிளாஸ்ரர் வாங்கி ஒட்டினார். ஜீ.பீ.யிடம் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்ற கணக்கு. ஊருக்குக் காசு அனுப்பும் வேளை அது. ஒரு வருடம் இப்படியே கழிந்தது. அரையில் நெறி கட்டியபோது, செருப்புக் கடித்த புண்ணாலே என்று சொல்லிக்கொண்டார். மனைவி வற்புறுத்தி அழைத்துப் போன பிறகுதான் விடயம் வெளியே வந்தது. பாதத்தில் ஒரு பகுதியும் அரையிலிருந்த நெறியும் அகற்றப்பட்டன. மருந்தும் ஏற்றினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவருகிறார். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"எங்கடை ஆக்களுக்கும் வரும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களாவது எழுதுங்கோ," என்றார்.

செய்யவேண்டியது

மாதத்துக்கு ஒருநாள், தலைக்கு முழுகும் நாளில், வீட்டிலுள்ள எல்லோரின் உள்ளங்கால், விரலிடுக்கு, உள்ளங்கை, நகங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

புதிதாகத் தோன்றிப் பெருக்கும் கறுப்புத் திட்டு. ஓரம் சீரில்லாத, ஒன்றுக்கு மேற்பட்ட நிறமுள்ள திட்டு. இரத்தம் கசியும் திட்டு. நான்கு கிழமையாகியும் ஆறாத புண். மருந்து போட்டும் போகாத "ஆணி". ஒரு நகத்தில் மட்டும் வந்து அகன்றுகொண்டே போகும் கறுப்புக் கோடு, அதிலும் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்புப் பரவுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். இந்நோய் சிலவேளை கறுப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

அதேநேரம் வீணாகப் பயப்படவும் வேண்டாம். எம்மவர் பலருக்கு நகத்தில் கோடுகளும் உள்ளங்காலில் புள்ளிகளும் இயல்பாகவே இருக்கும். பெரும்பாலானவை தீங்கற்றவை. மாறுகின்றதா என்பதுதான் கேள்வி.

ஜீ.பீ.யைக் காண்பது இலவசம். பதிவு செய்ய விசாப் பத்திரமோ விலாசத்துக்கான அத்தாட்சியோ கட்டாயமில்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் காசில்லை. பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை. சந்தேகம் உண்டென்று ஜீ.பீ. அவசரமாக அனுப்பினால், புற்றுநோயா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தில் உள்ள இலக்கு. சப்பாத்தைக் கழற்றிக் காட்ட வெட்கப்பட வேண்டாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பாடசாலைக்குப் போனபோது பின்மண்டபத்தில் ஒரு காட்சி கண்டோம். அம்மம்மா கதிரையில் இருக்க, பேர்த்தி நிலத்தில் அமர்ந்து அவருடைய பாதத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெடிப்பைத் தவிர ஒண்டும் இல்லை அம்மம்மா," என்றார். அம்மம்மா காலை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு மூதாட்டியைப் பார்த்து, "நீயும் காலைக் காட்டு," என்றார். எமது நண்பர் அன்று சிரித்தார்.